பாடிக்கொண்டு வரும் பாண்

கும்பகோணத்திலிருந்து திருகோணமலைக்குக் குடிவந்தபோது விசா, காகிதம், கந்தோர் அலைச்சல் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மொழியைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. தமிழிலிருந்து தமிழுக்குத்தானே போகிறாள் என்ற எண்ணம். வந்து இறங்கிய பிறகு ஒரே ஒரு சின்னச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாண்.

கணவர் இந்த ஊர்க்காரர். 1990ல் சண்டை மூண்டபோது பெற்றோருடன் படகேறி மண்டபம் முகாமுக்கு வந்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். தமிழ்நாட்டிலேயே படித்து, அங்கேயே என்னைக் கல்யாணம் செய்து, போர் முடிந்து சில காலம் கழித்துச் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். அவருக்குத் திரும்புதல், எனக்குப் புதுநாடு. மாமியாரை எங்கள் பக்கம் அத்தை என்போம், இங்கே மாமி. நாற்காலி கதிரை ஆனது, கைக்குட்டை லேஞ்சி ஆனது. சரி, பழகிவிடும். ஆனால் காலையில் வாசலில் நின்று மாமி கூப்பிடுவார்: "பிள்ளை, பாண்காரன் போறான், மறியுங்கோ! ரெண்டு இறாத்தல் வாங்குங்கோ!"

எங்கள் ஊரில் இதை ரொட்டி என்போம், இப்போது பிள்ளைகள் பிரெட் என்கிறார்கள். இங்கே ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிச் சுடுவது. அடுப்பறையில் வெந்து உப்பி வருவதுதான் பாண். அதிலும் அச்சுப்பாண் வேறு, மேலே மொறுமொறுவென்று இருக்கும் றோஸ்பாண் வேறு. மாமிக்கு றோஸ்பாண்தான் வேண்டும், தேங்காயும் மிளகாயும் இடித்த இடிசம்பலோடு.

சொல் வந்த வழி இதுதான்: இலத்தீனில் ரொட்டிக்குப் பானிஸ் என்று பெயர். அது இத்தாலியில் பானே, ஸ்பெயினில் பான், பிரான்சில் பேன், போர்ச்சுகலில் மூக்கால் இழுத்துச் சொல்லும் பாவ். போர்த்துக்கேயர் 1505ல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய அந்த மூக்கொலியை இங்கிருந்த நாக்குகள் கெட்டியாகப் பிடித்து ணகரமாக்கிக்கொண்டன. சிங்களவருக்கும் அதே பாண், கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வீடுகளிலும் அதே பாண். கோவா, மும்பைப் பக்கம் மூக்கொலி உதிர்ந்து பாவ் மட்டும் மிஞ்சியது. பாவ்பாஜியில் இருக்கும் பாவ் அதுதான். போர்த்துக்கேயர் இன்னும் கிழக்கே போய் ஜப்பானில் இறங்கியதில் அங்கேயும் ரொட்டிக்குப் பான் என்றே பெயர். ஜப்பானியரிடமிருந்து கொரியருக்குப் போய்ப் பாங் ஆனது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாட்களில் எனக்குப் பாண் தொண்டையில் இறங்கவில்லை. காரணம் வெறும் சொல் அல்ல. 1622ல் இந்த ஊர்க் கோணேசர் கோயிலை இடித்தவர்கள் அந்தப் போர்த்துக்கேயர்தான். இடித்த கல்லைக் கொண்டே 1624ல் கோட்டை கட்டினார்கள். இன்றைக்குக் கோயிலுக்குப் போக வேண்டுமானால் பிரட்றிக் கோட்டை என்று பெயர் மாறிய அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். கோயிலைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு வாசல் தூணிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கடந்து போகும்போது நெஞ்சு கனக்கும். வீட்டுக்கு வந்தால் மேசையில் அவர்கள் பெயர் வைத்த சாப்பாடு. மேசையும் அவர்கள் சொல்தான்.

மாமியிடம் ஒருநாள் கேட்டேன். சம்பலுக்கு மிளகாய் இடித்துக்கொண்டே சொன்னார்: "கோயிலை உடைச்சவன் வேற, பாண் சுட்டவன் வேற பிள்ளை. பாலையூற்றுச் சனம் எங்களுக்கு என்ன செய்தது?" இங்கே பாலையூற்றில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்த ஒரு பேச்சு அங்கே மூத்தவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. மாமியின் சிறுவயதுச் சிநேகிதிகள் அவர்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஆனால் பாண் என்ற ஒலி எனக்கு இங்கே வந்துதான் அறிமுகமானது என்று சொல்ல முடியாது. தமிழில் அது மிகப் பழைய சொல். பண் என்றால் இசை, பாண் என்றால் பாட்டு, பாடும் குடியினர் பாணர். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் அவர்களை வழிப்படுத்துபவை. பசித்த ஒரு பாணனிடம், இன்ன வழியாகப் போ, இன்ன அரசனைப் பார், வயிறார உண்பாய் என்று சொல்லும் பாட்டுகள். பாணரில் ஒரு வகையினர் மண்டைப்பாணர். மண்டை என்பது இரந்து உண்ணும் கலம். பாட்டைக் கொடுத்துச் சோறு வாங்கியவர்கள். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதையிலும் யாழ் மீட்டிப் பரிசாக மண் வாங்கிய ஒரு பாணன் இருக்கிறான். திருஞானசம்பந்தர் இந்தத் திருகோணமலையைப் பாடிய பதிகத்துக்குப் பண் புறநீர்மை. அவரோடு ஊர்ஊராய்ப் போய் யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். சம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமாமலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த எனக்கு அந்தப் பதிகம் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். கோயில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

இந்தத் தமிழ்ப் பாணுக்கும் அந்த இலத்தீன் பாணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உலகமே தமிழிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தமிழுக்கு அந்தத் தாங்குகட்டை தேவையே இல்லை. இந்திக்காரர் மெல்லும் பான், இலை என்று பொருள்படும் வடமொழிப் பர்ணத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் பான் என்றால் எல்லாம். போலந்தில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிடும் 'ஐயா' பான். எல்லாம் தனித்தனி ஊற்று. ஆனால் கூட்டாளி என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்கிறார்களே கம்பானியன், அதற்குள் இருப்பது இந்தப் பானிஸ்தான். ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவர்கள் என்று பொருள். கம்பெனி என்பதும் அதே குடும்பம். கப்பலில் கம்பெனிக்காரர்களாக வந்து நாட்டைப் பிடித்தவர்களுக்கு அந்தப் பொருள் நினைவிருந்ததா தெரியாது.

பிறப்பில் உறவில்லாத அந்த இரண்டு சொல்லும் எங்கள் தெருவில் ஒன்றாகத்தான் வருகின்றன. பாண் கொண்டுவரும் ஓட்டோ ஒலிபெருக்கியில் ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டே வரும். பீத்தோவன் 1810ல் பியானோவுக்கு எழுதிய ஃப்யூர் எலீஸ். இலங்கை முழுக்க அந்த மெட்டுக் கேட்டால் பாண் வந்துவிட்டது என்று அர்த்தம். சிங்களத்தில் அதற்குச் சூன் பாண் என்றே பெயர். சூன் என்பது ட்யூன். தமிழில் சொன்னால் பண் பாண்! முதன்முதல் இது உறைத்தபோது அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். பாடிக்கொண்டு வருகிறவர் கையில் இப்போது சாப்பாடு இருக்கிறது, கலத்தை ஏந்தி நிற்பது நாங்கள். எங்களுக்குப் பாண் தருகிறவர் கந்தளாயிலிருந்து வரும் சிங்களவர். "அக்கா, இண்டைக்கு றோஸ் சூடா இருக்கு" என்பார். மாமிக்கும் அவருக்கும் சில்லறைக் கணக்கில் தினம் ஒரு வாக்குவாதம். பாதி தமிழ், பாதி சிங்களம்.

இந்தத் தீவில் கோதுமை விளையாது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை அரைக்கும் பெரிய பிரிமா ஆலை எங்கள் சீனக்குடாவில்தான் இருக்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் சாப்பிடும் பாண் நிறைய இந்தத் துறைமுகத்தைத் தொட்டுத்தான் போகிறது. 2022 நெருக்கடியில் மா விலை ஏறி, எரிவாயுவும் இல்லாமல் பேக்கரிகள் மூடிக்கிடந்தன. அப்போது தெருவில் மெட்டும் நின்றுபோனது. மாமி ரொட்டி தட்டினார், நான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். குரக்கன் என்று சொல்லித்தான் கடையில் வாங்க வேண்டியிருந்தது.

அந்த நெருக்கடியோடு ஊரில் பையன்கள் வெளிநாடு கிளம்பத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கொரியா வேலைக்கான மொழிப் பரீட்சைக்குப் படித்தான். திண்ணையில் உட்கார்ந்து சொற்களை உருப்போட்டவன் ஒரு சாயங்காலம் கத்தினான்: "அக்கா, அங்கயும் பாண்தானாம்! பாங் எண்டு சொல்லுவினமாம்!" போர்ச்சுகல், ஜப்பான், கொரியா என்று சொல் போன வழியைச் சொன்னேன். மொழி கஷ்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு அன்றைக்கு முகம் தெளிந்தது. புதுநாட்டில் தெரிந்த முகம்போல ஒரு சொல் இருந்தால் எவ்வளவு தைரியம் என்று எனக்குத் தெரியும். அவன் போய்விட்டான். போன கிழமை அங்கே ஒரு பாண் கடைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். கண்ணாடிக்குள் வரிசையாக விதவிதமான பாண். மாமி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வடிவாத்தான் இருக்கு. சம்பலுக்குத் தேங்காய் கிடைக்குமாமோ? கேட்டு எழுதுங்கோ."