பல்லில் நின்ற முட்டி

"வலி எவ்வளவும்மா? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

அந்த ஒரு வாரத்தில் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. செக்கானூரணிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணிப் பாக்குற வலியா தம்பி இது? படி இறங்கையில குத்துது, ராத்திரி படுத்தா குடையுது, விடியக்காலம் எந்திரிச்சா மரக்கட்டையா நிக்குது." பக்கத்தில் அமெரிக்க நர்ஸ் பேனாவோடு காத்திருந்தார். எட்டு என்று நானே சொல்லிவிட்டேன்.

எனக்குத் திருமங்கலத்தில் பிசியோதெரபி வேலை. சில வருடங்களுக்கு முன் மதுரைக்கு வெளியே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று இலவச மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வந்தது. ஆட்களை நடக்கவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனபிறகு மொழிபெயர்ப்பும் தலையில் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் லாரன்ஸ் டார் என்ற எலும்பு டாக்டர் தொடங்கிய 'ஆபரேஷன் வாக்' போன்ற குழுக்கள் கியூபா, குவாத்தமாலா, நேபாளம் என்று இப்படிப் போய் வருகின்றன. சர்ஜன், மயக்க டாக்டர், நர்ஸ் எல்லாரும் சம்பளம் வாங்காமல் வருவார்கள். மூட்டு பெரும்பாலும் கம்பெனிகள் கொடுக்கும் நன்கொடை. எங்களிடம் வந்தது அதைவிடச் சின்னக் குழு.

மதுரைக்காரனுக்கு இலவச முகாம் என்றால் கண் முகாம்தான். வேன் வரும், கூட்டிப்போகும், பச்சைக் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து விடும். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கே முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணியிருந்தன. அந்தக் கையால்தான் கண் ஆபரேஷன் செய்தார். புரை எடுக்கச் சில நிமிஷம் போதும். உள்ளே வைக்கிற லென்ஸையும் 1992-லிருந்து அவர்களுடைய ஆரோலேப் தொழிற்சாலையில் இங்கேயே செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் வரிசையில் நின்ற பாதிப்பேர் கேட்டார்கள்: "இன்னைக்குப் பண்ணுனா நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்ல?"

முட்டி அப்படியில்லை. தொடை எலும்பின் நுனிக்குக் கோபால்ட் குரோமியத்தில் ஒரு தொப்பி, கீழே டைட்டானியத் தட்டு, நடுவில் பிளாஸ்டிக், ஒட்டுவதற்குத் தனி சிமெண்ட். ஒன்றரை லட்சத்துக்கு மேலும் விற்ற இந்த மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை வரம்பு வைத்தபிறகுதான் 54,720 ரூபாய்க்கு இறங்கியது. காசை விடுங்கள், உலோகத்தில் கிருமி ஒட்டிவிட்டால் சாமானியத்தில் போகாது, மறுபடி திறக்கவேண்டி வரும். அதனால் மூத்திரத்தில் கிருமியா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, பித்தவெடிப்பில் சீழா என்று ஒவ்வொன்றாகத் தேடித்தேடிக் கழித்தார்கள்.

அப்பத்தாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை, அதுவும் கிருமிக் கணக்குதான். முடியாது என்று சொல்லவேண்டியவன் நான்.

"முட்டி வலின்னு வந்தா வாயைத் தெறந்து பாக்குறாக. நல்லா இருக்குய்யா ஒங்க வைத்தியம்."

மூன்றாம் நாள் சின்ன சைஸ் மூட்டு தீர்ந்துபோனது. நம் ஊர்ப் பொம்பளைகளின் முட்டி அளவு பெட்டி கட்டியவர்களுக்குத் தெரியவில்லை போல. காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் கவுன் மாட்டிக் காத்திருந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வார்டில் குழுத் தலைவர் கேட்டார், இவர்கள் வீட்டில் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று. வாயால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்தே காட்டினேன். மனுஷன் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர்கள் கொண்டுவந்த பயிற்சித் தாளில் தோட்டம், மாடிப்படி எல்லாம் இருந்தது. சம்மணம் என்ற சங்கதியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிட்டார்கள். ஆபரேஷன் அருமை, ஒரு குறை சொல்லமாட்டேன். ஆனால் முட்டியை மடக்கவைக்கிற வேலை அதற்குப் பிறகு ஆறேழு வாரம் கிடக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தொண்ணூறு டிகிரி மடங்கவேண்டும். எக்ஸ்எல் வண்டியில் நான் ஊர் ஊராகப் போனேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பூக்கட்டுகிற அம்மாவுக்கு, வலிக்கிறதே என்று மருமகள் பாசமாக முட்டிக்குக் கீழே தலையணை வைத்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது கால் நீளவுமில்லை, அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவுமில்லை. யாரைக் கேட்பது? அறுத்தவர் ஏழு கடல் தாண்டி இருக்கிறார். இரண்டு மாதம் அந்தம்மாவிடம் தினம் வசவு வாங்கித்தான் சரிசெய்தேன். இப்போது பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறார்.

குழு போன பத்தாம் நாள் அப்பத்தா என் கிளினிக் வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்து காட்டினார். இரண்டு பல்லும் இல்லை. "பிடுங்கிட்டேன். எங்க அந்த வெள்ளைக்கார டாக்டரு?"

காப்பீட்டு அட்டை இருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். சீட்டு, ஸ்கேன், சர்க்கரை, மறுபடி சீட்டு என்று எட்டு மாதம் இழுத்தது. சேர்க்கிற அன்று ஒரு சின்ன டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "வலி எவ்வளவு பாட்டி, பத்துக்கு?" என்றார்.

அப்பத்தா என் பக்கம் கையைக் காட்டினார். "அந்தத் தம்பி எட்டுன்னுச்சு. எட்டுன்னே போட்டுக்கங்க."