கெட்டமின் சிகிச்சைக்குப் போகிறவர்கள் வேப்பை மறைக்காதீர்கள்

ரத்த அழுத்தம் 168/104. நர்ஸ் கையிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டு, "அண்ணே, கடைசியா எப்ப சிகரெட் புடிச்சீங்க?" என்றார்.

"நான் சிகரெட்டை விட்டு மூணு வருசமாச்சு."

"வேப்?"

வாய் திறக்க முடியவில்லை. கிராப் வாடகைக்காரிலிருந்து இறங்கி, கிளினிக் மாடிப்படிக்குக் கீழே நின்று வேப்பில், அதாவது மின்சிகரெட்டில், பத்து இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தேன். பயம். மனச்சோர்வுக்காகக் கெட்டமின் என்ற மயக்க மருந்தை இரண்டாவது தடவை ஏற்றும் நாள் அது. முதல் தடவை எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது.

அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார்கள். 156/98. அந்த இடத்தில் 140/90-க்கு மேல் இருந்தால் ஏற்றமாட்டார்கள். டாக்டர் விளக்கினார்: கெட்டமின் தானாகவே ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். நிக்கோட்டினும் அதையேதான் செய்யும். இரண்டையும் ஒன்றாக உடம்பில் விட்டால் இதயத்துக்குப் பாரம். அது சிகரெட்டில் வந்தாலும் வேப்பில் வந்தாலும் ஒன்றுதான்.

அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. படிவத்தில்தான் வருத்தம். மலாயில் ஒரே ஒரு கேள்வி: 'மெரோக்கோக்?' (புகைபிடிப்பீர்களா?) நான் சிகரெட் பிடிப்பதில்லை, 'தீடாக்' (இல்லை) என்று குறித்தேன். வேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவுண்டரில் இருந்தவர், "நீங்கதான் சொல்லியிருக்கணும்" என்று சொல்லி, கட்டிய 300 ரிங்கிட் முன்பணம் திரும்ப வராது என்றார். மருந்து ஏறினால் மறுநாள் வரை வண்டி ஓட்டக்கூடாது என்பதால் என் மனைவி சம்பளமில்லா விடுப்பு போட்டுக் கூட வந்திருந்தார். கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து பங்சார் பக்கம் போக வர கிராப் காசு வேறு. மனச்சோர்வில் கிடக்கிற ஆளுக்கு ஒரு நாள் குளித்து, சட்டை போட்டு, வெளியே கிளம்புவது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த நாள் வீணாய்ப் போனது.

அடுத்து நான் செய்த தப்பு இன்னும் மோசம். ரோஷத்தில், அடுத்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு வேப்பை அடியோடு நிறுத்தினேன். தூக்கம் போச்சு, கைநடுக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். அழுத்தம் சரியாக இருந்ததால் ஏற்றினார்கள். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு பதற்றம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பட்டை இறுகும்போதெல்லாம் பதறினேன். முடிந்ததும் டாக்டர் கேட்டார்: "திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அதற்குப் பிறகுதான் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார மருந்தகத்தில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருப்பதைத் தேடிப் போனேன். மருந்தாளர் ஓர் அம்மா, பொறுமையாக உட்கார வைத்துப் பேசினார். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்ச் கொடுத்தார். ஒன்றைக் கவனியுங்கள்: பேட்சும் நிக்கோட்டின்தான், ஒட்டியிருக்கும் வரை உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும். சிகிச்சை நாளில் அதை வைத்திருப்பதா கழற்றுவதா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். என் டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறொருவருக்கு வேறு மாதிரி சொல்லலாம். நிக்கோட்டின் சூயிங்கம் மென்றுகொண்டு மட்டும் உள்ளே போகாதீர்கள். மயக்க நிலையில் வாயில் எதுவும் இருக்கக்கூடாது, குமட்டலும் வரும்.

அடுத்த முறை போனதும் முதல் காரியமாகச் சட்டையை இறக்கி, தோளில் இருந்த பேட்சைக் காட்டினேன். நர்ஸ் கையோடு குறிப்புத்தாளில் 'பேட்ச், இடது தோள்' என்று எழுதி அடிக்கோடிட்டார். 132/84. ஏற்றினார்கள். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன், பல மாதம் கழித்து ருசி தெரிந்தது.

நடந்ததையெல்லாம் ஒரு பக்கம் எழுதிக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் புதிதாக வந்த ஒருவரின் கையில் படிவத்தைப் பார்த்தேன். 'மெரோக்கோக்' பக்கத்தில் யாரோ பேனாவால் 'வேப்' என்று எழுதி, அதையே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். 300 ரிங்கிட் இன்னும் வரவில்லை.