மெர்சேனின் 67: ஒற்றை எண்ணின் வர்க்கம் இரட்டையாக வந்தபோது

இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 147,573,952,589,676,412,927 என்ற 21 இலக்க எண்ணின் சிறிய காரணி, நான்கு வாரம் போக்குக் காட்டிவிட்டு, சென்ற ஞாயிறு இரவு சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் வீட்டில் என் பழைய மடிக்கணினியின் திரையில் வந்து நின்றது: 193,707,721.

பிரெஞ்சுத் துறவியும் கணிதருமான மெர்சேன் 1644இல் அந்த 21 இலக்க எண்ணைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 1876இல் காரணி எதையும் காட்டாமலே அது பகு எண் என்று நிறுவினார். 1903இல் அமெரிக்கக் கணிதர் கோல் காரணிகளைக் கண்டார். விடையைப் பார்க்காமல் தேட வேண்டும் என்பதே நான் விதித்துக்கொண்ட நிபந்தனை.

காரணிகள் 134க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவில் வரும் என்பதும், எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்பதும் தெரிந்தவையே. 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடுவனவற்றையும் நீக்கினால், 4,620 ‘க’ மதிப்புகளுக்கு 960 மட்டுமே மிஞ்சுகின்றன. மிஞ்சிய ஒவ்வொன்றாலும் 2இன் 67ஆம் அடுக்கை வகுத்தால் மீதி ஒன்று வருகிறதா என்று பார்க்க, திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி மீதி எடுக்க வேண்டும். என்னைத் தடுத்தது இந்த வர்க்கமாக்கல்தான். நான் நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண்கள் 9,007,199,254,740,992 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் காக்கின்றன. ஆகவே 94,906,265ஐத் தாண்டிய எண்ணின் வர்க்கம் எந்த எச்சரிக்கையும் இன்றிப் பிழையாகிவிடலாம். 100,000,001ஐ வர்க்கமாக்கிப் பார்த்தபோது 10,000,000,200,000,000 என்று வந்தது. ஒற்றை எண்ணின் வர்க்கம் எப்படி இரட்டையாகும்? அந்தக் கடைசிச் சுழியத்தைக் கண்ட பிறகே, என் நிரல் உண்மையான காரணியைப் பலமுறை தொட்டும் அடையாளம் காணாமல் கடந்திருக்கிறது என்பது புரிந்தது.

மிகப் பெரிய முழு எண்களையும் பிழையின்றிக் காக்கும் பிக்இன்ட் வகையில் இது ஒரே வரி வேலை. ஆயினும் பிழை பிறக்கும் இடத்தைக் கண்ணால் காண விரும்பியதால், பெருக்கும் எண்ணை 16,384ஆல் வகுத்து ஈவு, மீதி என்று இரு துண்டாக்கினேன். ஈவால் பெருக்கிச் சுருக்கி (அதாவது வகுக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்து), வந்ததை 16,384ஆல் பெருக்கி, மீதித் துண்டின் பெருக்கற்பலனைக் கூட்டி மறுபடியும் சுருக்கினேன். வகுக்கும் எண் 268,435,456க்குக் கீழே இருக்கும்வரை எந்த இடைவிடையும் எல்லையை எட்டாது. ‘க’ 1,445,580ஐ அடைந்தபோது 2இன் 67ஆம் அடுக்கின் மீதி ஒன்றாக வந்தது.

மற்றொரு காரணி 761,838,257,287. அது பகு எண்ணாக இருந்திருந்தால் 872,834க்குக் கீழே ஒரு காரணி இருந்திருக்கும். அது முன்பே வலையில் விழுந்திருக்கும். ஆகவே அதுவும் பகா எண்தான்.

அடுத்து 2இன் 101ஆம் அடுக்கு, கழித்தல் 1. அதன் சிறிய காரணிக்கே 13 இலக்கங்கள். இந்தச் சல்லடை போதாது, பெரிய காரணிகளை விரைவாகத் தேடும் பொல்லார்டின் ரோ முறை வேண்டும். அதற்கு முன் இரு காரணிகளையும் கையால் பெருக்கிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய கட்டமிட்ட நோட்டுப் புத்தகம் இலக்கங்களை வரிசை பிசகாமல் நிறுத்த மிகவும் உதவுகிறது. கோடிட்ட தாளில் இரண்டு முறை தவறினேன். ஒன்பது இலக்க எண்ணில் ஏழு மூன்று முறை வருவதால் ஒரு வரிசையை எழுதி மற்ற இரண்டுக்கும் படியெடுக்கலாம். இன்னும் மூன்று வரிசைகளும் கூட்டலும் பாக்கி.