ஹைகோர்ட் கோபுரத்து விளக்கு

கலங்கரை விளக்கம் இருக்கும் பழைய பிக்சர் போஸ்ட்கார்டுகள் என்னிடம் 41 இருக்கின்றன. அவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது, கலங்கரை விளக்கம் என்ற பேச்சே இல்லாத ஒன்றை. படத்தின் கீழே ‘ஹைகோர்ட், மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், அவ்வளவுதான்.

வாங்கும்போது நானும் கட்டடத்தைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான், எல்லாவற்றையும்விட உயரமான கோபுரத்தின் உச்சியில் விளக்குக் கூண்டு கண்ணில் பட்டது. கடுகளவுதான் இருக்கும். கட்டடம் முடிந்தது 1892இல். 1894 முதல் அந்த உச்சியில் விளக்கு எரிந்தது; 1977இல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை மெட்ராஸுக்கு வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். கீழே வழக்கு நடக்க, மேலே விளக்கு! அதே வளாகத்தில் 1844இல் எரியத் தொடங்கிய பழைய விளக்குத் தூணும் இன்றைக்கும் நிற்கிறது.

அட்டையைத் திருப்பினால் நடுவில் கோடு கிடையாது. அந்தக் காலத்தில் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சேதி எழுத 1902இல் முதலில் அனுமதித்தது இங்கிலாந்து. மற்ற ஊர்களுக்கு அந்த வழக்கம் பிறகுதான் பரவியது. ஒட்டியிருப்பது எட்வர்டு மன்னர் தலை போட்ட தபால்தலை. ஆக, 1902க்கு முன்னால் போயிருக்க முடியாது.

பின்பக்கம் இடமில்லாததால், எழுதியவர் படத்தின் வானத்தில் எழுதியிருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சாயங்காலம்தான் கடல் காற்று வருகிறது என்று இரண்டு வரி. கோபுரம் வரும் இடத்தில் வரியை வளைத்து, உச்சியில் மை படாமல் தாண்டிப் போயிருக்கிறார். அந்த வளைவுக்காகவே இந்த அட்டையை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கொழும்பு அட்டை விஷயத்தில்தான் எனக்கு ஆறாத வருத்தம். சாத்தம் தெரு (Chatham Street) மணிக்கூண்டு. மேலே கலங்கரை விளக்கு. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் வந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சேர்க்கத் தொடங்கிய புதிதில் பசைத்தாள் ஆல்பத்தில் அதை ஒட்டிவைத்தேன். ஆறு வருடம் கழித்து எடுத்தால், பின்பக்கத் தாள் உரிந்து பாதி முத்திரையும் அதோடு போய்விட்டது. தேதி இருந்த பாதி. அப்புறம் எல்லாவற்றையும் மூலைக்கு மூலை செருகும் ஆல்பத்துக்கு மாற்றினேன். பசை மட்டும் வேண்டாம், யாராக இருந்தாலும் சொல்வேன்.

இப்போது தேடுவது மாமல்லபுரம். 1904 வாக்கில் இன்றைய கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்னால், பக்கத்துப் பாறைமேல் இருக்கும் பல்லவர் காலத்து ஒலக்கணேஸ்வரர் கோயிலின் கூரைமேல்தான் விளக்கை வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்தில் ஒரு அட்டை வேண்டும். வழக்கமாக வாங்கும் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கட்டு வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வாங்க தம்பி என்றார்.