விஸ்காம் சேருமுன் கேமரா அறையைப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை, புகைப்படமும் குறும்படமும் எடுக்கக் கற்றுத்தரும் விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்) படிப்பில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "செமஸ்டருக்கு ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். வந்தவாசியில் தையல் கடை வைத்திருந்த அவர், மூன்று வருடக் கட்டணத்தை டைரியில் கூட்டிப் பார்த்து, அம்மாவின் வளையலை அடகு வைத்தால் சமாளிக்கலாம் என்றார். அந்த டைரியில் இல்லாத செலவுகள்தான் எங்களைத் திணறடித்தன.

ஃபீஸைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரியானாலும் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில், அதாவது அரசு உதவியின்றி மாணவர் கட்டணத்தில்தான் நடக்கிறது. பக்கத்து வகுப்பில் வரலாறு படிப்பவர் கட்டுவதும் நாம் கட்டுவதும் ஒன்றல்ல.

இரண்டாம் செமஸ்டரில் புகைப்பட ரெக்கார்டு வந்தது. தலைப்புவாரியாகப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கறுப்பு அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு படம் சரியில்லை என்று திரும்பி வந்தால் வாடகை, பிரிண்ட் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு 7 படங்கள் திரும்பின. கேமரா வாடகை நாளுக்கு 1,200 ரூபாய். நான்கு பேர் ஆளுக்கு 300 போட்டு எடுத்துக்கொண்டு விடியுமுன் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு போவோம். நல்ல வெளிச்சம் இருக்கும் முதல் இரண்டு மணி நேரம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவோம். உச்சி வெயில் விழுந்தவர் முகம் வாடிவிடும்.

வகுப்பில் 46 பேர். பாதிக்கு மேல் சென்னை ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தவர்கள். ஏழெட்டுப் பேர் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். கல்யாண ஆல்பம் பார்த்துப் பார்த்தே கண் பழகியவர்கள், சொந்தக் கேமராவோடு வந்தார்கள். எங்களுக்கு உண்மையில் பாடம் நடத்தியவர்கள் அவர்கள்தான். என்னைப்போல் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவர்கள் 9 பேர். இரண்டாம் ஆண்டுக்குள் அதில் மூவர் நின்றுவிட்டார்கள். மூவருமே நன்றாகப் படித்தவர்கள். குறும்படச் செலவில் தங்கள் பங்கைப் போட முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

என்னையும் சேர்த்துப் பெண்கள் 17 பேர். விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடிவிடும். அதனால் வெளிப்புறப் படப்பிடிப்பு ஆண்கள் கைக்கும், எடிட்டிங் எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. மகளைச் சேர்ப்பவர்கள், படப்பிடிப்புக்கு விடுதியில் அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்று கைகொடுக்கும் வழிகள் சில இருக்கின்றன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ரெக்கார்டு பிரிண்டுக்கு அது பெரிய உதவி. வங்கிக் கல்விக் கடனில், படிப்புக்குத் தேவையென்றால் கணினி வாங்கும் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். கல்லூரி தரும் செலவுச் சான்றில் அதை எழுதி வாங்குங்கள். நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டு வெளியே வட்டிக்கு வாங்கினோம்.

நான் படித்த இடத்தில் மூன்று கேமராக்கள் பீரோவிலேயே இருந்தன. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அவற்றை வெளியே தருவதே இல்லை. ஆகவே சேருமுன் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேன்டீனில் சந்தித்துப் பேசுங்கள். கேமரா கொடுத்து வாங்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன வருடம் எதிர்வீட்டுப் பெண்ணுக்காக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே பதிவேட்டில் முந்தின நாள் மாலை வரை கையெழுத்துகள், அதில் பாதி பெண்களுடையவை. அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிட்டோம்.