மிச்சிகனில் மறுபடி பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி

அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் தமிழனுக்கு முதல் வாரமே தாராளமாகக் கிடைப்பது அறிவுரைதான். எந்த பேங்க், எந்த போன் பிளான், கிரெடிட் ஸ்கோரை எப்படி ஏற்றுவது என்று ஆரம்பித்து, எந்த ஏரியாவில் வீடு பார்க்கக் கூடாது என்பதில் போய் நிற்கும். டெட்ராய்ட் பக்கம் எனக்கு அதைச் சொன்னவர் நல்ல மனிதர். ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போய், வீடு கிடைக்கும்வரை சோறு போட்டவர். "அங்கெல்லாம் கறுப்பர்கள் ஜாஸ்தி, பார்த்துக்கோ தம்பி" என்றார். அவருக்கு அவர்களில் ஒருவரோடும் பழக்கம் கிடையாது. எனக்கு விமானத்தை விட்டு இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் இருவருமே ஏதோ நேரில் கண்ட மாதிரி தலையாட்டிக்கொண்டோம்.

நேரில் காணாத மனிதர்களைப் பற்றி மனசுக்குள் ஒரு படம் எப்படி வந்து உட்கார்ந்தது? அதில் கணிசமான பங்கு கார்ட்டூனுக்கு உண்டு என்பது, மகளோடு உட்கார்ந்து பழைய டாம் அண்ட் ஜெர்ரியை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. வெடி வெடிக்கும். புகை விலகும். டாமின் முகம் கரியாகி, உதடு மட்டும் தடித்து வெளிறி, தலை முழுக்கக் குட்டிக்குட்டிச் சடைகளோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். ஓரிரு நொடிதான், அடுத்த காட்சியில் பூனை பழையபடி ஆகிவிடும். ஊரில் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். கரி பூசிய பூனை, அவ்வளவுதானே?

இந்த நாட்டில் அந்தக் கரிக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மின்ஸ்ட்ரல் மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி அப்பி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, அடிமைகளாக இருந்த மக்களைச் சோம்பேறிகளாகவும் மடையர்களாகவும் நடித்துக் காட்டிக் கல்லா கட்டினார்கள். 'ஜிம் க்ரோ' அந்த மேடைப் பாத்திரங்களில் ஒன்று. பின்னால் தென் மாநிலங்களில் கறுப்பு வெள்ளை என்று பள்ளிக்கூடத்தையும் பஸ்ஸையும் பிரித்துவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1941இல் வந்த டிஸ்னியின் டம்போ படத்தில் காகக் கூட்டத்தின் தலைவனுக்குப் படக்குழு வைத்த பெயரும் அதுதான். குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர்.

டாம் அண்ட் ஜெர்ரியில் வரும் வேலைக்கார அம்மாவை யாரும் மறந்திருக்க முடியாது. துடைப்பமும் செருப்பும் கணுக்காலும் தெரியும், முகம் தெரியாது. அந்தக் குரல் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகையுடையது. என் ஆபீஸில் ரிட்டயர் ஆகும் வயதில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். அவருடைய பாட்டி காலமெல்லாம் அடுத்தவர் வீடுகளில் சமைத்துத் துடைத்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினாராம். அவரிடம் தயங்கித் தயங்கி இந்தப் பேச்சை எடுத்தேன். வேலைக்காரியாகக் காட்டியதில் அவருக்குக் கோபமே இல்லை. "பூனைக்கு முகம் வரைந்தார்கள், எலிக்கு வரைந்தார்கள்" என்று சொல்லிவிட்டு, காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

1960களில் டிவிக்காக இதைத் 'திருத்திய' லட்சணம் இன்னும் விசேஷம். கறுப்பின அம்மா இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் புதிதாக வரைந்து, ஐரிஷ் வாடையில் வேறு குரலும் போட்டார்கள். கேலியைத் துடைக்கிறோம் என்று ஆளையே துடைத்தாயிற்று. ராண்டால்ஃபின் உழைப்பும் அதோடு போனது. வெட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான். வெட்டினால் பார்க்கிறவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் போகும். தயாரித்த கம்பெனிக்குக் கை சுத்தம்.

"அந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம், யாருக்கும் தப்பாகப் படவில்லை" என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் வழக்காடுவதைப் பார்க்கிறேன். யாருக்குப் படவில்லை? வால்டர் லான்ட்ஸ் ஸ்டூடியோ 1941இல் எடுத்த ஒரு குறும்படத்தில் கறுப்பின ஊரே தூங்கி வழியும். அதை 1940களின் கடைசியில் மறுபடி திரையிட்டபோது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. படத்தை வெளியிட்ட யுனிவர்சல் கம்பெனி அதை வாபஸ் வாங்கியது. 1946இல் டிஸ்னியின் 'சாங் ஆஃப் த சவுத்' வந்தபோதும் அதே அமைப்பு கண்டனம் சொன்னது. அடிபட்டவர்கள் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் 'தடைசெய்யப்பட்ட பதினொன்று' என்று பேர்போன படங்களை டிவியிலிருந்து ஒதுக்கியது 1968இல்தான். காது கேட்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அப்படியானால் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாமா? பூட்டக்கூடாது என்ற கட்சி நான். எங்கள் மிச்சிகனிலேயே பிக் ரேபிட்ஸில், ஃபெரிஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குள் ஜிம் க்ரோ மியூசியம் இருக்கிறது. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அதை உருவாக்கிய சமூகவியல் பேராசிரியர் டேவிட் பில்கிரிம் கறுப்பினத்தவர். சிறுவயதில் இப்படி ஒரு கேலிப் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவன் எதிரிலேயே போட்டு உடைத்தவர், பிற்பாடு அதே மாதிரிப் பொருள்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார். விளம்பரத் தகடு, தபால் அட்டை, பிஸ்கட் ஜாடி, விளையாட்டுச் சாமான் என்று கண்ணாடி அலமாரிகளில் அடுக்கடுக்காக அதே தடித்த உதடு, அதே பிதுங்கிய விழி. தனியாக ஒரு கார்ட்டூனில் பார்த்தால் ஜோக். அத்தனையையும் ஒரே அறையில் பார்த்தால், குழந்தை தூங்கி எழுந்து பிஸ்கட் எடுக்கும் ஜாடிவரை வீட்டுக்குள் வந்த பாடத்திட்டம் அது என்று தெரியும். கறுப்பினக் குழந்தைகளை முதலைக்குத் தீனியாக வரைந்த தபால் அட்டைகள் முன்னால் என் மனைவி நிற்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

நமக்கும் அப்பு வந்து சேர்ந்தான். சிம்ப்சன்ஸ் தொடரில் கடை நடத்தும் அந்த இந்தியனுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா வெள்ளைக்காரர், 2020இல் விலகினார். அதற்கு முன்பே ஒரு ஆபீஸ் விருந்தில் ஒருவர் என்னிடம் அந்தக் குரலில் பேசிக் காட்டி, நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தார். அதை மட்டும் ஊருக்குப் போன் போட்டுப் புலம்புகிற நாம், டாமின் கரி முகத்துக்கு 'சும்மா தமாஷ்' என்கிறோம். நம் சினிமா காமெடியில் நிறத்தை வைத்து ஓட்டிய ஓட்டு பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: சின்னவள் தனியாக ரிமோட் பிடிக்கும் நேரத்தில் இவை கிடையாது. பெரியவளோடு உட்கார்ந்து முழுசாக, வெட்டாமல் பார்ப்போம். நடுவில் நிறுத்திப் பேசுவோம். அவளுக்கு எரிச்சல்தான். டிஸ்னி ப்ளஸ் 2020இல் போட்ட எச்சரிக்கை, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று நேராகச் சொன்னது. 2021இல் டம்போ, பீட்டர் பான் போன்றவற்றைக் குழந்தைகள் கணக்கிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டுமே சரி என்பேன். 2025இல் அந்த வாசகத்தைச் சுருக்கி, தவறு என்ற பேச்சை எடுத்துவிட்டார்கள். எதிர்மறைச் சித்திரிப்புகள் இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது இப்போது. இருக்கலாமாவது? அவர்கள் எடுத்த படம்தானே, இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாதா?