எஃப்40 கிட்: சிவப்பு ஏறியாச்சு

ஃபெராரி எஃப்40 காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் கிட், அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் மாடல். ஒருவழியாக பாடிக்கு சிவப்பு அடித்தாகிவிட்டது. முழு வண்டியும் 18 சென்டிமீட்டர்தான். உயரம் 5 சென்டிமீட்டர்கூட வராது.

சென்னையில் லாக்கர் பெயின்ட் அடிப்பவர்களுக்குக் கடற்காற்றுதான் வில்லன். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். அதனால் காலை வெயில் ஏறிய பிறகு, மதியக் காற்று திரும்புவதற்குள் ஏர்பிரஷ் வேலையை முடித்துவிடுகிறேன். தின்னரில் அது ஆவியாவதை மெதுவாக்கக் கொஞ்சம் ரிடார்டர், கம்ப்ரஸர் ஹோஸில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர். அடியில் இளஞ்சிவப்பு பிரைமர். சாம்பல் பிரைமர் என்றால் சிவப்பு மங்கித் தெரியும்.

பூச்சு மெல்லியதாக இருப்பது இந்தக் காருக்குப் பொருத்தமும்கூட. அசலில் எடையைக் குறைக்கப் பெயின்டை அவ்வளவு மெல்லியதாக அடித்தார்கள். உற்றுப் பார்த்தால் அடியில் பாடியின் கார்பன் ஃபைபர் நெசவு தெரியும். சிலர் இதற்காகக் கிட்டில் கார்பன் நெசவு அச்சிட்ட டெக்கால் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுகிறார்கள். இந்த அளவில் அந்த நெசவு கண்ணுக்கே தெரியாது. எனக்கு அது மிகை.

ஃபெராரியின் 40 ஆண்டு நிறைவுக்காக 1987-இல் வந்த வண்டி. 2.9 லிட்டர் வி8, இரண்டு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பவை), 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கிலோமீட்டர். எடையோ சுமார் 1,100 கிலோ. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பிரேக்குக்கு பூஸ்டரும் இல்லை. மிதிக்கிறவர் காலில் பலம் இருக்க வேண்டும்.

உள்ளே இரண்டே சீட். கார்பெட், ரேடியோ எதுவும் கிடையாது. உள்பக்கம் கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு; அதற்குக் கறுப்புத் தையல் நூலை வெட்டி ஒட்டினேன். பேனல்கள் சேரும் இடங்களில் பச்சைப் பசை வெளியே தெரிவதை அப்படியே விட்டிருப்பார்கள். ஊசி முனையில் பச்சை பெயின்ட் தொட்டு அந்தக் கோட்டை இழுத்ததில் ஒரு மாலை முழுதும் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, இதுல ஏசியாவது இருக்கா?" இருக்கிறது. அதை மட்டும் விட்டுவைத்தார்கள். நம்ம ஊர்க்காரன் யாரோ சிபாரிசு செய்திருப்பான் போல.

எனக்குப் பிடித்தது பின்பக்கம்தான். டயர்களை ஸ்கேல் வைத்து அளந்தேன்: முன்னால் 10 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 14. அசலில் 245-உம் 335-உம். என்ஜின் நடுவில், சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் சக்தி முழுவதும் அந்தப் பின் டயர்கள் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். பம்பருக்கு நடுவில் மூன்று சைலன்சர் குழாய்கள். இரண்டு ஓரக் குழாய்கள் என்ஜினின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. நடுவில் இருப்பது டர்போவின் வேஸ்ட்கேட்டுக்கு, அதாவது அழுத்தம் மிஞ்சாமல் இருக்க டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் புகை வெளியேற. கிட்டில் மூன்றுமே வாய் அடைத்த குச்சிகளாக வந்தன. பின் வைஸ் என்கிற சின்னக் கைப்பிடியில் ட்ரில் பிட் மாட்டிக் கையால் துளைத்தேன். நடுக்குழாயின் உள்ளே மட்டும் கறுப்பு கொஞ்சம் லேசாக.

பாலிஷுக்கு முன் சிவப்பு நன்றாகக் காய வேண்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதற்குள் பின் கண்ணாடியின் காற்றுப் பிளவுகளுக்கு மாஸ்கிங் டேப் வெட்டுகிற வேலை இருக்கிறது. புது பிளேடு வாங்க வேண்டும்.